இந்த வாரத்தின் நல்ல தப்பு

எங்கள் பள்ளியில், வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய்வந்த ஆசிரியர் முதல் நாள் எல்லாருக்கும் சாக்லெட் கொடுக்க வேண்டும். அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் மண்டபத்தில் படங்களைத் திரையில் போட்டுக் காட்ட வேண்டும். ரயில், பனி, குளிர்சட்டையோடு எல்லாரும் சேர்ந்து நிற்கிற படம், அந்த ஊர்ப் பிள்ளைகள் கையசைக்கிற படம். மற்ற ஆசிரியர்கள் கைதட்டுவார்கள். நாங்கள் சிற்றுண்டிச்சாலையிலிருந்து வடையும் தேத்தண்ணீரும் கொண்டுபோய் வைப்போம். அதோடு அந்தப் பயணம் முடிந்துவிடும். மறுநாள் அவருடைய வகுப்பு எப்போதும்போல நடக்கும். அதை யாரும் குறையாக நினைத்ததில்லை.

ஜப்பானுக்குப் போய்வந்த காமினி டீச்சர் சாக்லெட் கொடுத்தார். படமும் காட்டினார். மறுநாள்தான் வழக்கத்தை மீறினார்.

அன்று காலை நான்காம் ஆண்டு வகுப்பில், பிள்ளைகள் வைத்திருந்த அழிரப்பர்களை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் வாங்கிப் போட்டுக்கொண்டார். "இனிமே இந்த வகுப்புல யாரும் எதையும் அழிக்கக் கூடாது. தப்பாப் போட்டா மேல ஒரு கோடு போடுங்க. பக்கத்துல திரும்ப எழுதுங்க. தப்பு அங்கயே இருக்கட்டும்" என்றார்.

நான் அந்தப் பள்ளியின் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறேன். குத்தகைக்கு எடுத்து நடத்துவது நோர்மா அக்கா. அவர் முன்னால் நின்று விற்பார், பேசுவார். நான் பின்னால் பாத்திரம் கழுவுவேன். கழுவும் இடத்து ஜன்னலுக்கு நேர் எதிரே நான்காம் ஆண்டு வகுப்பு. கதவு திறந்திருந்தால் பாதி வகுப்பு தெரியும், பேச்சு முழுவதும் கேட்கும்.

காமினி டீச்சர் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அப்பா லோரி அட்டெண்டன்ட். அம்மா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தார். கணக்கு நோட்டில் ஒரு சிவப்புச் சுழி கூடக் கிடையாது, எல்லாம் சரி. ஏனென்றால் ஆசிரியர் கரும்பலகையில் விடையை எழுதுவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், ஆசிரியர் சரி போடுவார். மேலிடத்திலிருந்து வந்து புரட்டிப் பார்க்கிறவர்களுக்கு நோட்டு அழகாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஆறாம் ஆண்டு முடித்து, இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்கு முன்னால் ஒரு வருடம் படிக்கிற ரிமூவ் வகுப்புக்குப் போன முதல் மாதம் காமினிக்குக் கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டு புள்ளி கிடைத்தது. "எனக்கு ஒண்ணுமே தெரியலங்கிறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது" என்று ஒருமுறை எங்களிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் தானாகப் படித்துத்தான் ஆசிரியரானார்.

நானும் அதே மாதிரி ஒரு பள்ளியில் படித்தவள்தான். இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டோடு நின்றுவிட்டேன். என்னிடமும் அழகான நோட்டுகள் இருந்தன.

ஜப்பான் பயணம் உண்மையில் ருக்குமணி டீச்சருக்கு வந்தது. அவர்தான் மூத்தவர். முட்டி அறுவைச் சிகிச்சை வந்து மாட்டிக்கொண்டதால், கடைசி நேரத்தில் காமினி டீச்சர் போனார். ஒரு சிறிய ஊர்ப் பள்ளியில் மற்ற ஆசிரியர்களோடு சேர்ந்து பின்பெஞ்சில் உட்கார்ந்து பாடம் பார்ப்பதுதான் பயிற்சி. அங்கே ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பில் ஒருவர் போய் உட்கார்ந்து பார்ப்பது சாதாரணமாம். திரும்பி வந்தபின் ரிஹாட் இடைவேளையில் மீ கோரிங்கைக் கிளறிக்கொண்டே நோர்மா அக்காவிடம் சொன்னார்.

"ஒரு பொண்ணு கணக்கைத் தப்பாப் போட்டா க்கா. ரப்பரை எடுத்தா. டீச்சர் ஓடிப்போய்க் கையைப் பிடிச்சு, அழிக்காதன்னு சொல்லி, அதை அப்படியே போர்டுல பெருசா எழுதினாங்க. பாடம் முழுக்க அந்தத் தப்பைப் பத்தியேதான் பேச்சு. எப்படி யோசிச்சா, எங்க வழுக்கிச்சுன்னு ஒவ்வொரு பிள்ளையும் எழுந்திரிச்சு சொல்லுது. கடைசியில அந்தப் பொண்ணு ராணி மாதிரி நடந்து போய் உக்காந்தா. தப்பாப் போட்ட பிள்ளை அப்படி நடந்து நான் பார்த்ததே இல்ல க்கா."

"ஜப்பான்ல நடப்பா லா. இங்க நடந்தா அப்பன் வந்து நிப்பான் கேட்டுல" என்றார் நோர்மா அக்கா.

அவர் சொன்னது மாதிரியே நடந்தது.

வகுப்பு வாசலில், தாழ்வாரத்துச் சுவரில், காமினி டீச்சர் ஒரு பலகை மாட்டியிருந்தார். மற்ற வகுப்புகளின் வாசலில் சிறந்த மாணவர்களின் படம் இருக்கும். இந்தப் பலகையில் மேலே 'இந்த வாரத்தின் நல்ல தப்பு' என்று எழுதி, கீழே ஒரு தப்புக் கணக்கையும் அதைப் போட்ட பிள்ளையின் பெயரையும் எழுதுவார். எல்லாத் தப்பும் அதில் ஏறாது. கவனக்குறைவால் வந்த தப்புக்கு அங்கே இடமில்லை. யோசித்து, யோசித்த வழியில் தவறிய தப்புதான் ஏறும். எது ஏற வேண்டும் என்று பிள்ளைகள்தான் சண்டை போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். வகுப்பில் சத்தம் அதிகமானது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் இரண்டு முறை வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

ஒரு வாரம் பலகையில் இப்படி இருந்தது: அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு. கவிஷினி.

கவிஷினி, யுகேந்திரனின் மகள். யுகேந்திரன் ஜெலுத்தோங்கில் கார் பட்டறை வைத்திருக்கிறவர், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். மண்டபத்துக்கு மின்விசிறி வாங்கியதும், கூரை ஒழுகியபோது ஆள் கொண்டுவந்து நிறுத்தியதும் அவர்தான். அன்று மகளைக் கூட்டிப்போக வந்தவர் பலகையைப் பார்த்துவிட்டார். மற்ற பெற்றோர்களும் கேட்டுக்கொண்டிருக்க, சிற்றுண்டிச்சாலை வாசலிலேயே டீச்சரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன டீச்சர், என் மகளுக்குக் கணக்கு வரலன்னு ஊருக்கே விளம்பரம் போடுறீங்களா?"

"கணக்கு வரலன்னு போடல. நல்ல தப்புன்னு போட்டிருக்கேன்."

"தப்புல என்ன நல்ல தப்பு, கெட்ட தப்பு? நான் ஒரு காடிக்குப் பிரேக்கைத் தப்பா மாட்டினா, ஆஹா நல்ல தப்பு அண்ணேன்னு கஸ்டமர் எனக்கு மாலை போடுவானா?"

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. காமினி டீச்சரும் சிரித்தார். பிறகு கேட்டார்.

"பிரேக் பிடிக்கலன்னா எங்க தப்புன்னு கழட்டிப் பார்ப்பீங்களா? இல்ல, மேல பெயிண்ட் அடிச்சு அனுப்பிருவீங்களா?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. யுகேந்திரன் மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "பார்த்துக்கலாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைமையாசிரியர் அய்யாக்கண்ணு சாரை, குரு பெசார் என்பதைச் சுருக்கி, எல்லாரும் ஜிபி என்பார்கள். முக்கியமான பேச்சு எதையும் அவர் அலுவலகத்தில் வைத்துப் பேசமாட்டார், சிற்றுண்டிச்சாலை மூலை மேசைக்கு வந்துவிடுவார். மறுநாள் காமினி டீச்சரை அங்கே கூப்பிட்டார்.

"பசியாறிட்டீங்களா? உக்காருங்க. நோர்மா, டீச்சருக்கு ஒரு தே."

டீச்சர் உட்கார்ந்தார்.

"காமினி, நீங்க செய்யிறது தப்புன்னு நான் சொல்லல. ஆனா நம்ம பள்ளிக்கூடத்துல மொத்தப் பிள்ளைங்க எத்தனைன்னு உங்களுக்குத் தெரியும். பெத்தவங்க கோவிச்சுக்கிட்டு நாலு பேர் சீனப்பள்ளிக்கு மாத்தினா, அடுத்த வருஷம் அவங்க சொந்தக்காரங்க நாலு பேர் மாத்துவாங்க. அப்புறம் பள்ளியே இருக்காது."

"புரியுது சார்."

"சனிக்கிழமை சங்கக் கூட்டம். தலைவர் இதைக் கிளப்பப் போறாரு. நீங்க எழுந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லிருங்க. ஜப்பான்ல பார்த்ததைச் சும்மா செஞ்சு பார்த்தோம், இப்ப நிறுத்தியாச்சுன்னு. அவ்வளவுதான். பலகையைக் கழட்டிருவோம். உங்க வகுப்பு உங்களுக்கே இருக்கும்."

"சொல்லலன்னா சார்?"

ஜிபி தன் தேத்தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "ருக்குமணி டீச்சர்கிட்ட நாலாம் ஆண்டைக் குடுக்க வேண்டியதா இருக்கும்."

காமினி டீச்சருக்கு அந்த வகுப்பு எவ்வளவு முக்கியம் என்று எனக்கும் நோர்மா அக்காவுக்கும் தெரியும். அந்தப் பிள்ளைகளை ஐந்தாம் ஆண்டுக்கும் ஆறாம் ஆண்டுக்கும் தானே கூட்டிப்போக வேண்டும், இடைநிலைப் பள்ளிக்குள் அவர்கள் தன்னைப்போல நுழையக் கூடாது என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஜிபி போனதும் நோர்மா அக்கா மேசையைத் துடைக்கிற சாக்கில் அருகே வந்தார்.

"ஒரு வார்த்தைதானே டீச்சர். சொல்லிட்டுப் போங்க. அப்புறம் உள்ள கதவைச் சாத்திக்கிட்டு உங்க இஷ்டத்துக்குப் பாடம் நடத்துங்க. யாரு வந்து பார்க்கப் போறா?"

"யாரும் வந்து பார்க்காததுதானே க்கா நம்ம வியாதி" என்றார் டீச்சர்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. வடைத் தட்டோடு நான் பக்கத்துக் கதவோரம் நின்றேன். யுகேந்திரன் நன்றாகப் பேசினார். நம் பிள்ளைகள் ஏற்கெனவே எல்லா இடத்திலும் கேலிக்கு ஆளாகிறார்கள், பள்ளிக்கூடமும் அவர்கள் பெயரைப் போட்டுக் கேலி செய்யலாமா என்று கேட்டார். பல தலைகள் ஆடின. அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. பிறகு ஜிபி மைக்கைக் காமினி டீச்சரிடம் நீட்டினார்.

"ஜிபி சார் என்னை ஒண்ணு சொல்லச் சொன்னாரு. இது சும்மா செஞ்சு பார்த்தது, நிறுத்தியாச்சுன்னு" என்று டீச்சர் ஆரம்பித்தார். "நான் அதைச் சொல்லப் போறது இல்ல."

ஜிபி தரையைப் பார்த்தார்.

"நம்ம பிள்ளைங்க நோட்டுல எல்லாம் சரியா இருக்கு. நீங்களும் பார்த்து சந்தோஷப்படுறீங்க. அதை யாரு போட்டா? நான் போட்டேன். பிள்ளை காப்பி அடிச்சுது. என் நோட்டும் அப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் ரிமூவ் வகுப்புல வந்து ஒரு வருஷம் அழுதேன். தப்பாப் போட்டதுக்கு அழல. கேட்கத் தெரியலயேன்னு அழுதேன். தலைவர் சொல்றாரு, பேரைப் போட்டா அவமானம்னு. என் வகுப்புல அது அவமானம் இல்ல. நம்பிக்கை இல்லன்னா வந்து பாருங்க. திங்கக்கிழமை முதல் பாடம். யாரு வேணும்னாலும் வரலாம். பின்னால உக்காரலாம்."

"வேலைக்கு யாரு லீவு குடுப்பா? நீங்க குடுப்பீங்களா டீச்சர்?" என்று ஒரு அம்மா கேட்டார். சிரிப்பு எழுந்தது.

"பிள்ளைய விட்டுட்டுப் போற நேரம்தான் ம்மா. அப்படியே உள்ள வாங்க. கொஞ்ச நேரம் லேட்டாப் போனா உங்க மேனேஜருக்குத் தப்பைப் பத்தி நானே விளக்கம் சொல்றேன்."

எங்கள் பள்ளியில் பெற்றோர் வகுப்புக்குள் உட்கார்ந்து பாடம் பார்த்ததே கிடையாது. கேட் வரைக்கும்தான். ஜிபிக்கு அதை உடனே மறுக்கவும் முடியவில்லை. எல்லாருக்கும் முன்னால் அழைத்தாகிவிட்டது.

திங்கட்கிழமை, நினைத்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். நாற்காலி போதவில்லை என்று சிற்றுண்டிச்சாலையிலிருந்து நான் தூக்கிக்கொண்டு போனேன். வைத்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். வாசலிலேயே நின்றுவிட்டேன். யுகேந்திரன் கையைக் கட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஜிபி.

டீச்சர் கவிஷினியின் தப்பையே வெண்பலகையில் எழுதினார். "போன வாரம் எதோட நிறுத்தினோம்?"

ஒரு பையன் எழுந்தான். "அரை ரொட்டி இருக்கு. அதோட இன்னும் கொஞ்சம் ரொட்டி சேர்த்தா அரையைவிடக் கூடத்தான் வரணும் டீச்சர். அஞ்சுல ரெண்டு, அரையைவிடக் கம்மி. அதனால கவிஷினி விடை தப்பு."

"கவிஷினி, ஒத்துக்கிறியா?"

கவிஷினி எழுந்து முன்னால் வந்தாள். அப்பாவின் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "ரொட்டிக்கு ஒத்துக்கிறேன் டீச்சர். ஆனா நெட்போல்ல எனக்குச் சரியா வருது."

"எப்படி?"

"நேத்து ரெண்டு பந்து போட்டேன். ஒண்ணு வளையத்துக்குள்ள விழுந்துச்சு. அப்ப ரெண்டுல ஒண்ணு. அப்புறம் மூணு பந்து போட்டேன், ஒண்ணு விழுந்துச்சு. மூணுல ஒண்ணு. மொத்தம் அஞ்சு பந்து. ரெண்டு விழுந்துச்சு. அஞ்சுல ரெண்டு. இது பொய்யா டீச்சர்?"

வகுப்பு கொதித்தது. "ஆமா லா!" என்றது ஒரு குரல். "ஏமாத்துறா!" என்றது இன்னொன்று. ஒரு பையன் மேசையில் பென்சில்களை அடுக்கி எண்ணத் தொடங்கினான். பின்னாலிருந்து யுகேந்திரன் பொறுக்க முடியாமல் சத்தமாகச் சொன்னார்.

"ஆறுல அஞ்சு! விடை ஆறுல அஞ்சு ம்மா!"

கவிஷினி திரும்பினாள். "அது எனக்கும் தெரியும் ப்பா. என் பந்துக்கு ஏன் வரலன்னு சொல்லுங்க."

யுகேந்திரன் ஜிபியைப் பார்த்தார். ஜிபி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாரும் காமினி டீச்சரைப் பார்த்தார்கள்.

டீச்சர் பலகையைப் பார்த்தபடியே நின்றார். அவர் முகம் அப்போது அழகாக இருந்தது. "எனக்கும் சட்டுன்னு தெரியல கவிஷினி" என்றார். "இது ரொம்ப நல்ல கேள்வி. நானும் வீட்டுல யோசிக்கிறேன். நீங்களும் யோசிங்க. நாளைக்குப் பேசுவோம்."

பிள்ளைகளுக்கு அது பெரிய கொண்டாட்டமாக இருந்தது. பெற்றோர்களுக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது.

மணி அடித்ததும் எல்லாரும் சிற்றுண்டிச்சாலைக்குத்தான் வந்தார்கள். "டீச்சருக்கே தெரியலயாம்!" "நாலாம் ஆண்டுக் கணக்கு ம்மா!" "இதுக்கா ஜப்பானுக்கு அனுப்பினாங்க?" என்று ஒரே பேச்சு. தப்பைச் சுவரில் போட்டதைக்கூடச் சிலர் பொறுத்திருப்பார்கள். தெரியவில்லை என்று ஓர் ஆசிரியர், அதுவும் பெற்றோருக்கு முன்னால், சொன்னதை ஒருவராலும் பொறுக்க முடியவில்லை. யுகேந்திரன் மட்டும் தனியாக உட்கார்ந்து தேத்தண்ணீர் டம்ளரையும் கிண்ணத்தையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் எழுந்து ஜிபியிடம் போனார்.

அன்று மத்தியானமே முடிவாகிவிட்டது. நான்காம் ஆண்டு ருக்குமணி டீச்சருக்கு. காமினி டீச்சருக்கு முதலாம் ஆண்டு.

"தெரியும்னு சொல்லிச் சமாளிச்சிருக்கலாமே காமினி" என்றார் ஜிபி. உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார்.

"நம்ம பள்ளிக்கூடத்துல முப்பது வருஷமா அதைத்தானே சார் செய்யிறோம்."

"பலகையைக் கேட்டுல இருக்கிற ஜாகா கழட்டிருவாரு."

"வேண்டாம் சார். நானே கழட்டுறேன்."

மறுநாள் திருப்புளியைக் காவலாளியிடமிருந்து வாங்கி அவரே கழற்றினார். எழுத்தைத் துடைக்கவில்லை. கவிஷினியின் பெயரோடு பலகையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு, ரிஹாட்டுக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருக்க, திடலைக் கடந்து முதலாம் ஆண்டு வகுப்பு வாசலில் கொண்டுபோய் மாட்டினார். ஜிபி பின்னாலேயே வந்துவிட்டார்.

"இங்க எதுக்கு இது?"

"வகுப்பைத்தான் சார் மாத்தினீங்க. என்னை மாத்தலையே."

இரண்டு வாரம் போனது. ஒருநாள் ருக்குமணி டீச்சர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்துவந்து, காமினி டீச்சருக்கு எதிரே தொப்பென்று உட்கார்ந்தார்.

"என்னடி செஞ்சு வச்சிருக்க அந்தப் பிள்ளைங்கள?"

"ஏன் க்கா?"

"போர்டுல விடை எழுதிப்போட்டேன். ஒண்ணு கூட எழுத மாட்டேங்குது. எல்லாம் கையைத் தூக்குது. ஏன் டீச்சர், எப்படி டீச்சர். நான் வழியைச் சொன்னா, வேற வழி இருக்கு டீச்சர்ங்குது. ஒருத்தன் என் கணக்குலயே தப்பு கண்டுபிடிச்சு, நல்ல தப்பு டீச்சர்னு கைதட்டுறான்! இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் எனக்கு!"

நோர்மா அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"திட்டினீங்களா?"

"திட்டத்தான் நினைச்சேன்." ருக்குமணி டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "உண்மையிலயே தப்புதான் அது. ... நாளைக்கு எனக்கு ஒரு பாடம் ஃப்ரீ. உன் வகுப்புல பின்னால வந்து உக்காரட்டுமா? ஜிபிகிட்ட சொல்லாத."

"சொல்லுவேன் க்கா. சொல்லிட்டுத்தான் உக்காரணும். ஒளிஞ்சு பார்க்கிறதுக்கு இது என்ன திருட்டு வீடியோவா?"

ருக்குமணி டீச்சர் முட்டியைத் தடவிக்கொண்டே, "சரி, சொல்லு. அவன் என்ன செஞ்சிருவான். எனக்கு அடுத்த வருஷம் பென்ஷன்" என்றார்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் தட்டுகளோடு வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். கவிஷினி இரண்டு தட்டுகளை வைத்திருந்தாள். ஒன்றில் இரண்டு கரிபாப் பலகாரம், இன்னொன்றில் மூன்று.

"டீச்சர், கண்டுபிடிச்சிட்டோம்! இந்தத் தட்டுல பாதி ஒரு கரிபாப். இந்தத் தட்டுல மூணுல ஒண்ணும் ஒரு கரிபாப்தான். ஆனா தட்டு வேற வேற!"

"இல்ல, அவ சொல்றது பத்தாது டீச்சர்" என்று பென்சில் அடுக்கிய பையன் குறுக்கே வந்தான். "ரெண்டு தட்டும் ஒரே அளவா இருந்தாத்தான் பாதியையும் மூணுல ஒண்ணையும் கூட்ட முடியும். அதுக்கு ஆறு கரிபாப் உள்ள தட்டு வேணும். நோர்மா ஆன்ட்டி தர மாட்டேங்குறாங்க."

"காசு குடுத்தா தருவேன் லா!"

"அப்ப என் பந்து தப்பா சரியா? அதைச் சொல்லு முதல்ல" என்று கவிஷினி அவன் முகத்துக்கு நேரே ஒரு கரிபாப்பை ஆட்டினாள். அவன் அதைக் கடித்துவிட்டான். உடனே ஆளுக்கு ஒரு பக்கமாகக் கத்தல் தொடங்கியது. ருக்குமணி டீச்சரும் அதில் ஏதோ சொல்லப்போய், இரண்டு பிள்ளைகள் அவரை மறுத்துப் பேச, தன் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு ஜிபி அலுவலகத்திலிருந்து இறங்கி வந்தார். மேசைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"காமினி, நாலாம் ஆண்டுக்கும் உங்களுக்கும் இனி ஒண்ணும் இல்லன்னு சொன்னேனா இல்லையா? ரிஹாட்ல உக்கார வச்சுப் பாடம் எடுத்துக்கிட்டு இருக்கீங்க!"

காமினி டீச்சர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார்.

"நான் பாடம் எடுக்கல சார். சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். "அவங்கதான் நிறுத்த மாட்டேங்குறாங்க. நீங்க வேணும்னா நிறுத்திப் பாருங்க."

ஜிபி பிள்ளைகளின் பக்கம் திரும்பினார். ஒரு பிள்ளையும் அவரைக் கவனிக்கவில்லை.